சாதிவிலக்கும் சட்டமும்

மக்கள் பலர் ஒருங்குகூடி ஓரினமாய் வாழுங்கால் அக்கூட்டத்திற்குச் சில வரம்புகள் வேண்டற்பாலன என்பதை யாவரும் ஒப்புவர். வரப்பில்லாத வயலில் நீர் நில்லாதவாறு, வரையறையில்லாத சமூகத்தில் ஒழுக்கமும் நில்லாது. ஆயினும், அவ்வரம்பைக் கடந்தான் என்று கருதப்படும் ஒருவனைச் சமூகம் யாது செய்யலாம், யாது செய்தலாகாது என்னும் வினா எளிதில் விடுக்கத்தக்கதன்று. நம் நாட்டில் நூற்றெழுபது ஆண்டுகட்கு மேலாக அரசினரும் நீதிமன்றங்களும் சமயத் தலைவரும் இவ்வினாவோடு போராடி வந்திருக்கின்றனர்.

இதனை இப்பொழுது யாம் எழுதப் புகுந்தமைக்கு ஒரு காரணம் உண்டு. சென்ற பொதுக்கூட்டத்தில் நம் உறுப்பினர் சிலர் ஒரு தீர்மானங் கொணர்ந்தனர். பிற சமூகத்தில் மணஞ்செய்து கொள்வாரையும் அவர்தம் குடும்பத்தாரையும் சங்கப் பதிவேட்டினின்று நீக்குதல் வேண்டும் என்பதும், நம் மண்டபமும் மாணவர் உதவித்தொகையும் அக்குடும்பத்தார்க்கு மறுக்கப்படல் வேண்டும் என்பதும் அதன் கருத்து. அஃது அடுத்த கூட்டத்தின் ஆராய்ச்சிக்கு ஒத்திவைக்கப்பட்டுள்ளது. கொணர்ந்தவர் நம் சமூகத்தின்பால் பேரன்புடையவர் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆதலின் அவரைக் குறைகூறுதல் எம் நோக்கமன்று. வாக்களிக்குமுன் நாம் அனைவரும் அறிந்திருத்தற்குரிய வரலாற்றை முறையாக எடுத்துவைத்தலே எம் நோக்கமாகும்.

விலக்கின் இயல்பு

விலக்கு என்பது பண்டு ஒரு சொல்லளவில் நின்றதன்று. விலக்கப்பட்டவன் வீட்டில் பிறர் உண்ணார். அவனுக்கு நெருப்பும் நீருங் கொடார். பெண் கொடார், கொள்ளார். வண்ணாரும் நாவிதரும் அவன் வாயிலை மிதியார். இறந்தால் பாடை தூக்குவாரும் இலர். அவனோடு பேசியவனும் தண்டம் கட்டுதல் வேண்டும். அரசன் விதிக்கும் சிறைக்கு ஓர் எல்லை நாளுண்டு. இச்சிறைக்கு அஃதும் இல்லை.

இதற்கு உலகறிந்த சான்றொன்று கூறுவாம். 1888ஆம் ஆண்டு காந்தியடிகள் தம் பதினெட்டாம் வயதில் சட்டம் பயில இங்கிலாந்து செல்லப் புறப்பட்டார். கடல் கடத்தல் குலவொழுக்கத்திற்கு மாறு என்று பம்பாயிலிருந்த மோத் பனியாச் சமூகத்தார் கூட்டங்கூட்டி அவரைத் தடுத்தனர். அவர் இணங்காமையால் தலைவர் அவரைச் சாதியினின்று விலக்கியதோடு, அவர்க்கு உதவுவாரும் கப்பல் துறைக்குச் சென்று வழியனுப்புவாரும் ஒரு ரூபாய் நாலணாத் தண்டம் இறுத்தல் வேண்டும் என்றும் ஆணையிட்டார். மீண்டு வந்தபின் தமையனார் அவரை நாசிக்கிற்கு அழைத்துச்சென்று நீராட்டி, இராஜகோட்டையில் சாதியார்க்கு விருந்தும் அளித்தனர். ஒரு சாரார் ஏற்றனர். மற்றொரு சாரார் ஏற்றிலர். ஏலாத பிரிவினருள் அவர்தம் மாமனாரும் மாமியாரும் தமக்கையாரும் இருந்தனர். அவர்கள் மறைவில் நீரும் உணவும் தர முன்வந்தும், வெளிப்படையாகச் செய்யலாகாததை மறைவிற் செய்யேன் என்று காந்தியடிகள் அவர் வீடுகளில் நீரும் பருகாதிருந்தார். தம்மை விலக்கியவர்பால் அவர் பகை பாராட்டவில்லை. பிற்காலத்தில் அவர்களே தம் பணிக்குத் துணைநின்றதாக அவரே எழுதியிருக்கின்றார். கடல் கடந்தமைக்காக ஒருவனைத் தள்ளிவைக்கும் சமூகம் இன்று யாண்டும் இல்லை. அன்று குலத்தின் உயிர்நிலை என்று எண்ணப்பட்ட வரம்பு, இரண்டு தலைமுறைக்குள் எவர் நினைவிலும் இல்லாது ஒழிந்தது.

நம் தமிழகத்தும் இதனையொத்த நிகழ்ச்சி உண்டு. 'இந்து', 'சுதேசமித்திரன்' என்னும் பத்திரிகைகளை நிறுவியோருள் தலைசிறந்த ஜி. சுப்பிரமணிய ஐயர், இளமையிலேயே கைம்மை எய்திய தம் மகளார்க்கு 1889இல் பம்பாய்க் காங்கிரசு கூடிய காலத்து மறுமணம் செய்வித்தார். கைம்பெண் மறுமணம் சட்டப்படி செல்லும் என்று 1856ஆம் ஆண்டிலேயே விதி ஏற்பட்டிருந்தது. எனினும் உற்றாரும் சாதியாரும் அவரை ஒதுக்கினர். சட்டம் மணத்தைச் செல்லச்செய்ததேயன்றி, மணஞ்செய்வித்தவன் வீட்டு முற்றத்திற்கு உறவினரை அழைத்துவர அதனால் இயலவில்லை.

1850ஆம் ஆண்டுச் சட்டம்

விலக்கைப்பற்றி ஆங்கில அரசினர் தொடக்கத்தில் மேற்கொண்ட நெறி, தலையிடாமை என்பதே. பம்பாய் மாகாணத்தில் 1827ஆம் ஆண்டு ஒழுங்குவிதி, சாதி பற்றிய வழக்குகளில் நீதிமன்றம் புகுதலாகாது என்றும், சட்டமல்லாத செயலால் ஒருவன் சாதிநிலைக்கும் நற்பெயர்க்கும் கேடுவந்ததாயின் இழப்பீட்டு வழக்கை மட்டும் கேட்கலாம் என்றும் வரையறுத்தது. வங்காளத்திலோ 1832ஆம் ஆண்டு ஒழுங்குவிதி, சமயம் மாறியவன் அக்காரணத்தால் சொத்துரிமையை இழத்தலாகாது என்றது. இவ்வங்காள விதியை நாடு முழுதுக்கும் விரித்து, டல்ஹௌசி காலத்தில் 1850ஆம் ஆண்டு இருபத்தொன்றாம் சட்டம் இயற்றப்பட்டது. சமயத்தைத் துறந்தமையாலோ, சமயக் கூட்டத்தினின்று நீக்கப்பட்டமையாலோ, சாதி இழந்தமையாலோ ஒருவனுடைய சொத்தும் வாரிசுரிமையும் பறிபோம் என்று கூறும் எச்சட்டமும் எவ்வழக்கமும் இனி நீதிமன்றங்களில் செல்லா என்பது அதன் சாரம்.

இதனை எதிர்த்து வங்காளத்திலும் சென்னையிலும் இந்துக்கள் விண்ணப்பங்கள் விடுத்தனர். அவர்தம் வாதத்தை வெறும் பிடிவாதம் என்று ஒதுக்குதல் நேர்மையன்று. தந்தையின் பொருளை மகன் கொள்ளுதல் அவனுக்கு நீர்க்கடனும் பிண்டமும் ஆற்றும் கடமையோடு பிணைந்தது. கடமையை விட்டவன் பொருளை மட்டும் கொள்ளுதல் எங்ஙனம் முறையாகும் என்று அவர்கள் வினவினர். மதம் மாற்றுவார்க்குத் துணைசெய்யவே அரசு இவ்வாறு செய்கின்றது என்ற ஐயமும் அவர்க்கு இருந்தது. ஆளுவோரும் மதம் மாற்றுவோரும் ஒரே சமயத்தினராய் இருந்த காலத்தில் அவ்வையம் எழுந்தது வியப்பன்று.

ஆயினும் அச்சட்டத்தின் எல்லையையும் நோக்குதல் வேண்டும். விலக்கப்பட்டவனோடு உடனிருந்து உண்ணுமாறு அது யாரையும் வற்புறுத்தவில்லை. அவனுக்குப் பெண் கொடுக்கவும் சொல்லவில்லை. உறவு சமூகத்தின் கையில் இருக்கட்டும். உடைமை சட்டத்தின் காவலில் இருக்கட்டும் என்று ஒரு கோடு கிழித்தது. பின்வந்த வழக்குகள் எல்லாம் அக்கோடு எங்கே செல்லல் வேண்டும் என்பதைப் பற்றியனவே.

சென்னை உயர் நீதிமன்றத்துத் தீர்ப்புகள் இரண்டினைக் காட்டுவாம். 1883இல் வந்த வழக்கொன்றில், சமயத் தலைவரொருவர் ஒருவரை விலக்கி, அவ்வாணையை அஞ்சலட்டையில் எழுதி அனுப்பியிருந்தார். தம் அதிகாரத்தின்படி விலக்குக் கூறுதல் வேறு. தபாற்காரர் முதலாக யாவரும் படிக்குமாறு திறந்த அட்டையில் அதனைப் பரப்புதல் வேறு என்று நீதிமன்றம் பிரித்துக் காட்டி, பின்னது அவதூறேயாம் என்றது. 1886இல் வந்த மற்றொரு வழக்கில், ஒருவர் குற்றஞ் செய்தாரென்று தவறாக நம்பி, அவரை விளக்கமுங் கேளாது சாதியார் நீக்கினர். அவர் நம்பிக்கை கள்ளமற்றதாயினும் அந்நீக்கம் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. எனவே, சமூகத்திற்கு விலக்கும் அதிகாரம் உண்டென்று ஒப்பிய அக்காலத்திலேயே, கேளாமல் விலக்கலாகாது, இழிவுபடுத்தி விலக்கலாகாது என்னும் இரண்டு முறைமைகள் நிலைபெற்றுவிட்டன.

போராச் சமூகத்து வழக்கு

நாடு விடுதலையுற்றபின், 1949ஆம் ஆண்டு பம்பாய் அரசினர் விலக்குத் தடைச் சட்டம் இயற்றினர். சாதி, உட்சாதி, சமயக் கூட்டம் ஆகிய எதுவாயினும் தன் உறுப்பினன் ஒருவனை, வழக்கிட்டுப் பெறத்தக்க உரிமைகளை அவன் இழக்குமாறு நீக்குதல் செல்லாது என்றும், அங்ஙனம் செய்வார்க்கு ஆயிரம் ரூபாய் வரை தண்டம் என்றும் அது விதித்தது.

அச்சட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றத்திற்குச் சென்றவர், தாவூதி போராச் சமூகத்தின் ஐம்பத்தோராம் தலைவராகிய தாகிர் சைபுதீன் ஆவர். போராக்கள் இசுலாத்துள் ஷியாப் பிரிவின் ஒரு கிளையினர், பெரும்பாலும் குஜராத்தி பேசும் வணிகர், தொகையிற் சிறியர். மறைந்துறையும் இமாமின் பதிலாளராகத் தம் தலைவரை அவர்கள் கொள்வர். அவ்வதிகாரத்தின் தன்மை முன்னரே பிரிவி கௌன்சிலில் ஆராயப்பட்டிருந்தது. தலைவர்க்கு விலக்கும் அதிகாரம் உண்டு, ஆனால் காரணங்காட்டி முறைப்படி செய்தல் வேண்டும் என்று 1947இல் அம்மன்றம் கூறியிருந்தது. விலக்கப்பட்ட போராவுக்குப் பள்ளிவாசலில் இடமில்லை; சமூகத்தின் அடக்கத்தலத்திலும் இடமில்லை; உற்றார் அவனோடு உறவாடுதலும் ஆகாது.

இவ்வழக்கில் இருபுறமும் நியாயம் உண்மையை அன்பர்கள் கருதுதல் வேண்டும். தலைவர் தரப்பினர் கூறியது இது: பெருங்கடலிடையே ஒரு தீவு போன்று யாங்கள் வாழ்கின்றோம், எங்கள் கோட்பாட்டை மறுப்பவனையும் உள்ளே வைத்திருக்குமாறு சட்டம் கட்டாயப்படுத்துமாயின் எங்கள் சமயமே உருக்குலையும், அரசியலமைப்பின் இருபத்தாறாம் பிரிவு சமயக் காரியங்களைத் தாமே நடத்தும் உரிமையை எங்கட்கு அளித்திருக்கின்றது. சீர்திருத்தம் வேண்டுவோர் கூறியது இது: யாங்களும் அச்சமயத்தினரே, சிறுபான்மையினர் உரிமை என்பது தலைவர் ஒருவர் உரிமையாய் முடியுமாயின், அச்சிறுபான்மையினுள் இன்னும் சிறுபான்மையராகிய எங்கட்கு யார் காவல்?

1962 ஜனவரித் திங்களில் ஐவர் அமர்வு தீர்ப்பளித்தது. நால்வர் சட்டம் செல்லாது என்றனர். சமயக் காரணம்பற்றிய விலக்கு, கோட்பாட்டின் ஒருமையைக் காப்பதாகலின் அது சமயக் காரியமே; அதனால் சில உரிமைகள் பாதிக்கப்படுதல் பற்றி அதன் தன்மை மாறாது என்பது அவர் கருத்து. அவருள் சென்னையினின்று சென்ற நீதிபதி இராசகோபால ஐயங்கார் தனியே எழுதிய தீர்ப்பில், சமூகச் சீர்திருத்தம் என்னும் பெயரால் ஒரு சமயத்தையே இல்லாமற் செய்ய அரசுக்கு இயலாது என்று காட்டினர். தலைமை நீதிபதி சின்ஹா மட்டும் மாறுபட்டனர். விலக்கப்பட்டவன் தன் கூட்டத்துள்ளேயே தீண்டப்படாதவனாகிவிடுகின்றான். தீண்டாமையை ஒழித்த பதினேழாம் பிரிவின் கருத்தையே இச்சட்டம் நிறைவேற்றுகின்றது. மனிதனது மதிப்பைக் காத்தல் சமயத்தில் தலையிடுதல் ஆகாது என்றனர்.

அத்தீர்ப்பால் பம்பாய்ச் சட்டம் வீழ்ந்தது. ஆனால் வினா வீழவில்லை. 1986இல் போராச் சீர்திருத்தத்தினர் அதனை மறுபடியும் ஆராயுமாறு வேண்டினர். 2023 பிப்ரவரியில் ஐவர் அமர்வொன்று, 1962ஆம் ஆண்டுத் தீர்ப்பு மீள நோக்கத்தக்கதென்று கருதி, சபரிமலை வழக்கையொட்டி அமைந்த ஒன்பதின்மர் அமர்வுக்கு அதனை விடுத்தது. இருபத்தாறாம் பிரிவு, பொது ஒழுங்கு, ஒழுக்கம், உடல்நலம் என்னும் மூன்றற்கு உட்பட்டது. ஈண்டு ஒழுக்கம் என்பது யாருடைய ஒழுக்கம்? சமயம் கூறும் ஒழுக்கமா, பெரும்பான்மையோர் கொண்ட ஒழுக்கமா, அன்றி மக்கள் அனைவரையும் நிகரெனக் கொள்ளும் அரசியலமைப்பின் ஒழுக்கமா? அவ்வமர்வின்முன் வைக்கப்பட்ட வினாக்களுள் இஃது ஒன்று.

இதற்கிடையே மகாராட்டிரத்தில் சாதிப் பஞ்சாயத்துகள் குடும்பங்களைத் தள்ளிவைக்கும் கொடுமை ஓயாமையால், 2016ஆம் ஆண்டு அம்மாநிலச் சட்டமன்றம் சமூகப் புறக்கணிப்புத் தடைச் சட்டம் நிறைவேற்றியது. அடுத்த ஆண்டு அது நடைமுறைக்கு வந்தது. மூன்றாண்டு வரை சிறை, ஓரிலக்க ரூபாய் வரை தண்டம் என்பன அதிற் கண்ட தண்டனைகள்.

நமக்கு இதனாற் பெறப்படுவது

ஈண்டு ஒருவர், '1962ஆம் ஆண்டுத் தீர்ப்பு விலக்கும் உரிமையை ஒப்பியதன்றோ? நம் தீர்மானத்திற்கு அதுவே அரண்' என்று கூறக்கூடும். அது பொருந்தாது. அத்தீர்ப்புக் காத்தது ஒரு சமயக் கூட்டத்தின் கோட்பாட்டை. நம் சங்கம் சமயக் கூட்டமன்று. நமக்கெனத் தனிக்கோட்பாடும் தனிவேதமும் தனிக்குருவும் இல்லை. நம் உறுப்பினருள் சைவரும் உளர், வைணவரும் உளர், கோயிற்குச் செல்லாதாரும் உளர். இவரையெல்லாம் நாம் ஒன்றாகவே எண்ணி வந்திருக்கின்றோம். கடவுட்கொள்கையில் வேறுபட்டாரை விலக்காத நாம், மணவுறவில் வேறுபட்டாரை மட்டும் சமய அறத்தின் பெயரால் விலக்குவேம் என்றல் எவ்வாறு பொருந்தும்?

மேலும், தீண்டாமையைக் கைக்கொள்ள மறுத்தான் என்பதற்காக ஒருவனைச் சமூகத்தினின்று விலக்குதலில் பங்குகொள்ளுதல், 1955ஆம் ஆண்டு முதல் தண்டனைக்குரிய குற்றமாகும். அச்சட்டம் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று இன்று வழங்குகின்றது. வயது வந்த இருவர் மணத்தைத் தடுக்க எந்தக் கட்டப் பஞ்சாயத்துக்கும் அதிகாரமில்லை என்று, தமிழ்நாட்டினின்று சென்ற வழக்கொன்றில் 2011இலும், மீண்டும் 2018இலும் உச்ச நீதிமன்றம் அழுத்தமாகக் கூறியிருக்கின்றது. கொணரப்பட்ட தீர்மானம் யாரையும் தடுக்கவில்லை, நீக்கத்தானே செய்கின்றது என்பார்க்கு, உதவித்தொகையை நிறுத்துவேம் என்று அச்சுறுத்துதலும் தடையின் ஒரு வடிவே என்று விடை கூறுவேம்.

சட்டத்திற்கு அஞ்சி மட்டும் இதனைக் கைவிடல் வேண்டும் என்பது எம் கருத்தன்று. எம் இளமையில் எம்மூரில் ஒரு வீட்டாரை ஊரார் தள்ளிவைத்திருந்தனர். மூத்த மகன் வேறிடத்துப் பெண்ணை மணந்து நகரத்திற்குப் போய்விட்டான். தண்டனையைப் பெற்றவரோ அவனல்லர். ஊரிலிருந்த அவன் தாயும் தங்கையருமே. ஒருநாள் அத்தாய் இறந்தாள். எடுக்க ஆளின்றி உச்சிப்பொழுது வரை உடல் கிடந்தது. பின்னர் அடுத்த ஊரினின்று அவள் பிறந்தகத்தார் வண்டி கட்டிக்கொண்டு வந்து எடுத்தனர். அன்று எம் வீட்டுத் திண்ணையில் எந்தையாரும் அயலாரும் ஒருவரையொருவர் நோக்காது தலைகவிழ்ந்து அமர்ந்திருந்தமை இன்றும் எம் கண்முன் நிற்கின்றது. செல்லல் வேண்டும் என்று ஒவ்வொருவர்க்கும் உள்ளத்தில் இருந்தது. முதலில் எழுவார் தாம் இலர். பின்னர் எந்தையார் அதனைப்பற்றி ஒருகாலும் வாய் திறந்திலர். விலக்கு விலக்கப்பட்டவனை மட்டும் தண்டிப்பதன்று. விலக்கினவரையும் சிறியராக்கிவிடுகின்றது என்பதை யாம் கண்டது அன்று.

ஒருவன் செய்கைக்கு அவன் குடும்பத்தாரைத் தண்டித்தல் எந்த நூலிலும் அறமென்று சொல்லப்படவில்லை. கொணரப்பட்ட தீர்மானத்தில் மிகவும் வருந்தத்தக்க பகுதி அதுவே. அண்ணன் மணத்திற்காகத் தங்கையின் படிப்பு நிற்றல் வேண்டுமா? அவள் செய்த குற்றம் யாது?

சங்கத்திற்கு ஒழுங்குமுறை வேண்டாவென்று யாம் கூறவில்லை. சங்கப் பொருளைக் கையாடினவனை, பொய்க்கணக்கு எழுதினவனை, நம் பெயரால் பிறர்க்குக் கேடு சூழ்ந்தவனை நீக்கும் உரிமை எந்தச் சங்கத்திற்கும் உண்டு. அதற்கும் மூன்று முறைமைகளை நாம் எழுதிவைத்துக் கொள்ளுதல் நலம். குற்றம் இன்னதென எழுத்தில் அறிவித்து விளக்கங் கேளாது எவரையும் நீக்கலாகாது. ஒருவர் பொருட்டு மற்றொருவரை, சிறப்பாகப் பெண்டிரையும் மாணவரையும், தண்டித்தலாகாது. மண்டபம், உதவித்தொகை, இறுதிக்கடனுக்குரிய வசதி ஆகியவற்றை யார்க்கும் தண்டனையாக மறுத்தலாகாது. கொணரப்பட்ட தீர்மானத்திற்கு மாறாக இம்மூன்றையும் விதியாக ஏற்குமாறு அடுத்த கூட்டத்தில் யாமே முன்மொழியக் கருதியிருக்கின்றோம்.

பிள்ளைகள் நம்மைவிட்டு அகன்றுபோகின்றனரே என்று பெற்றோர் கொள்ளும் துயரை யாம் அறியாதேமல்லேம். அத்துயர் மெய்யானது. ஆயினும், போனவன் ஒருநாள் பேரக்குழந்தையைத் தோளிலிட்டுக்கொண்டு திரும்பிவர வாயிற்கதவு திறந்திருத்தல் வேண்டுமன்றோ? சங்கம் அக்கதவுக்குப் பூட்டுச்செய்து கொடுத்தல் தகுமா?

திருவள்ளுவர் சுற்றத்தைப் பற்றிக் கூறப்புகுந்து அமைத்த அதிகாரத்திற்குச் சுற்றந்தழால் என்றே பெயரிட்டனர். தழால் என்பது தழுவிக்கொள்ளுதல். சுற்றத்தை விலக்குதற்கு அவர் ஓர் அதிகாரம் வகுத்திலர். அப்பெயரொன்றனையே உளங்கொண்டு, அடுத்த கூட்டத்திற்கு வருமாறு அன்பர் அனைவரையும், சிறப்பாக நம் தாய்மாரையும், பணிந்து வேண்டுகின்றோம்.